தடைக்காலத்தில் ஒரு எம்.ஓ.யு.

எங்கள் எம்.பி.ஏ. துறைக்கு ஒரே ஒரு எம்.ஓ.யு., அதாவது ஒரு கம்பெனியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் வாங்க, போன வருஷம் ராமநாதபுரத்திலிருந்து கடற்கரை ஊரான மண்டபத்துக்கு ஆறு தடவை பஸ் ஏறினேன். அதில் மூன்று சுத்தமாக வீண். இதே வேலையில் யாராவது இறங்கப் போகிறீர்கள் என்றால் அந்த மூன்றையாவது மிச்சம் பண்ணிக்கொள்ளுங்கள்.

எம்.ஓ.யு.வுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. பீரோவில் பன்னிரண்டு இருந்தன, எல்லாம் சென்னை, மதுரைக் கம்பெனிகள். கையெழுத்தான அன்று சால்வை, போட்டோ, அதோடு சரி. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழுவுக்கு அது போதாது. ஒப்பந்தத்தின் பேரில் என்ன நடந்தது என்று அறிக்கை, வருகைப் பதிவு, எடுத்த இடம் பதிவாகும் ஜியோடேக் போட்டோ எல்லாம் வேண்டும். எனவே பக்கத்திலேயே பார்ப்போம் என்று, இறாலும் கணவாயும் வாங்கிப் பதப்படுத்தி தூத்துக்குடி வழியாக ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியைப் பிடித்தேன்.

முதல் தடவை போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உள்ளே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலாளரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். ஒரு கண் தராசில் இருக்க, "சார், இன்னைக்குப் போய் வந்திருக்கீங்களே" என்றார். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. திங்கள் போன படகு செவ்வாய் காலை கரைக்கு வரும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் எந்த இறால் கம்பெனி வாசலையும் மிதிக்காதீர்கள். நான் பரமக்குடிக்காரன். மிளகாய் சீசன் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன், கடல் கணக்கு தெரியாது. அதனால் பின்னால் இன்னும் பெரிதாகப் பட்டேன்.

இரண்டாவது தடவை புதன் மத்தியானம். டீ வந்தது, பேச்சும் நன்றாகவே போனது. பழைய ஐ.டி. கம்பெனி ஒப்பந்தம் ஒன்றைப் பெயர் மட்டும் மாற்றி எடுத்துப் போயிருந்தேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்: 'நிறுவனத்தின் மென்பொருள் வளாகத்தில்'. "இங்க ஐஸ் வளாகம்தான் இருக்கு சார்" என்றார். அடுத்த விரல், 'ஆண்டுதோறும் குறைந்தது ஐந்து மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு வழங்கப்படும்' என்ற வரியில். அதை எடுத்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்றார். எடுத்துவிட்டு, இரு தரப்புக்கும் பணப் பொறுப்பு எதுவும் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். அப்புறம்தான் அவர் முகம் தெளிந்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளை ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. காப்பீடு கல்லூரி எடுக்கும் என்று எழுதினோம். உங்கள் வரைவில் இது இல்லையென்றால் இப்போதே சேருங்கள்.

மூன்றாவது தடவை முத்திரைத்தாள். கல்லூரி அலுவலகத்தில் எப்போதோ வாங்கி வைத்த 20 ரூபாய்த் தாள் இரண்டு கிடந்தது, அதில் அடித்துக்கொண்டு போனேன். அவர்கள் ஆடிட்டர் போனிலேயே செல்லாது என்றார். 2024 மே மாதத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு 200 ரூபாய். இரண்டு பிரதி, 400. எங்கள் அலுவலகத்தில் இது ஒருவருக்கும் தெரியவில்லை. தாள் கொடுத்த எழுத்தரிடம் சொன்னபோது, "நீங்க கேட்டது தாள் சார், விலையா கேட்டீங்க?" என்றார். இன்னும் ஆறவில்லை.

நான்காவது தடவை பாயே கையெழுத்துப் போட்டார். கல்லூரியில் பிரின்சிபால் ஒரே பார்வையில் திருப்பிவிட்டார். அது கூட்டாண்மை நிறுவனம், நிர்வாகப் பங்குதாரர்தான் போட வேண்டும். அவர் இருப்பது தூத்துக்குடியில். யார் கையெழுத்துப் போடுவார், எந்த ஊரில் இருக்கிறார், முத்திரை யாரிடம் என்ற மூன்றையும் முதல் நாளே கேட்டு வையுங்கள். ஐந்தாவது தடவை, மார்ச் கடைசியில், எல்லாம் முடிந்தது.

முடிந்தது என்று நான்தான் நினைத்தேன். எங்கள் பாடத்திட்டத்தில் பயிற்சி நான்கு வாரம், இரண்டாம் செமஸ்டர் முடிந்து மே, ஜூனில். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருந்தோம். ஏப்ரலில் இரண்டு மாணவிகளின் பெயரை அனுப்பினேன். உடனே பாய் போன் செய்தார். "அனுப்புங்க சார், வரட்டும். ஆனா அந்த நேரம் இங்க இறாலும் இருக்காது, ஆளும் இருக்காது. தடைக்காலம்."

விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம் அது. எனக்கு வியர்த்துவிட்டது. எச்.ஓ.டி. கலங்கவில்லை. "45 நாள்தானேப்பா, மே 29-ல முடிஞ்சிரும், ஜூன் முதல் தேதி அனுப்பு" என்றார். அவர் சொன்னது பழைய கணக்கு. 2017-லிருந்து தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஜூலையில் மூன்றாம் செமஸ்டர் தொடங்கிவிடும். ஐந்து பேர் உட்கார்ந்து படித்துக் கையெழுத்துப் போட்ட தாளில் இது யார் கண்ணிலும் படவில்லை. பாய்க்குத் தெரியாமல் இருக்குமா? கேட்டேன். "கல்லூரிக்காரங்க எழுதினா ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

கடைசியில் வழி சொன்னவரும் அவர்தான். முதல் இரண்டு வாரம் ஆபீஸ் அறையில் முந்தைய வருஷத்துக் கொள்முதல் சீட்டு, ஏற்றுமதிக் காகிதங்கள். ஜூன் 16 முதல் இரண்டு வாரம் தளத்தில். தடை முடிந்து முதல் படகுகள் வந்து சேரும் காலையிலிருந்தே வேலை. இதை அவரோடு பேசி ஒரு பக்க இணைப்பாக எழுதினேன். முதலிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும்.

இருவரில் ஒருத்தி பாம்பன் பெண், அப்பாவுக்குச் சொந்தமாக விசைப்படகு. 16-ஆம் தேதி காலை ஏஜெண்ட் மூலமாக அந்த வீட்டு இறாலும் அதே தராசுக்கு வந்தது. கவுண்ட் பார்க்கச் சொன்னார்கள். கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு அது, எண்ணிக்கை கூடினால் விலை இறங்கும். அவள் எண்ணி உள்ளபடி எழுதினாள். வீட்டில் அப்பா இரண்டு நாள் பேசவில்லையாம். அவளுடைய பயிற்சி அறிக்கையில் கொள்முதல் பற்றிய அத்தியாயம் மட்டும் 18 பக்கம்.

ஆறாவது தடவை போட்டோவுக்கு. பதப்படுத்தும் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. தலைக்கு வலை, ரப்பர் பூட்ஸ், குளோரின் தண்ணீரில் கால் நனைத்தல், வளையல்கூடக் கழற்ற வேண்டும். நாக் குழுவுக்கோ உள்ளே வேலை செய்கிற மாதிரி படம் வேண்டும். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. கேட்டருகே ஐஸ் வண்டியை ஒட்டி இரண்டு பேரையும் தலைவலையோடு நிறுத்தி எடுத்தேன். சிக்னல் இல்லாததால் படத்தில் இடத்தின் பெயர் விழவில்லை, அட்சரேகை தீர்க்கரேகை எண்கள் மட்டும் விழுந்தன. அதையே ஃபைலில் வைத்திருக்கிறேன்.

இந்த வருஷ இணைப்பில் தளப்பயிற்சி 'ஜூன் 15-க்குப் பிறகு' என்று திருத்தி அனுப்பினேன். பல்கலைக்கழகத்திலிருந்து நேற்று மெயில் வந்தது: ஏன் 15, ஒன்றாம் தேதி என்று மாற்ற முடியாதா?