வடிகால் துளைகள்

விமானத்தின் வயிற்றுக்குக் கீழே சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்திருந்தேன். தகடும் தகடும் சேரும் இடத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு துளை இருக்கும் என்று சார் சொல்லியிருந்தார். இருந்தது, பெயின்ட் அடைத்துக் கிடந்தது. கையிலிருந்த கம்பியைக் கொண்டுபோனேன். பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது. “கம்பி வேண்டாங்க தம்பி. இரும்பு கீறுன இடத்துலதான் நாளைக்கு அரிக்கும். மூங்கிலச் சீவிக்கங்க.” மூங்கில் குச்சியால் மூன்றாவது தடவை குத்தியபோது அடைப்பு விட்டது. பழுப்பு நிறத் தண்ணீர் என் கழுத்தில் இறங்கியது. நகர்ந்து வாளியை வைத்தேன். கால் மணி நேரம் ஒழுகியது. மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது.

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறேன். தகடு வேலை, வெல்டிங், ஃபிட்டிங். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே வாசல் புல்வெளியில் அந்த நேட் விமானம் நின்றிருந்தது. பணி ஓய்வு பெற்ற போர் விமானங்களை விமானப்படை கல்விக்கூடங்களுக்குக் கொடுப்பதுண்டு. அப்படி வந்தது. எஞ்சினை ஏற்கெனவே கழற்றி, வெட்டிக் காட்டும் மாதிரியாக ஆய்வகத்தில் வைத்துவிட்டார்கள். வெளியே நின்ற கூட்டுக்குக் குடியரசு தினத்துக்கு முந்தின வாரம் ஒரு கை பெயின்ட் விழும். கேட்டுக்கு அடிக்கிறவர்தான் அதற்கும் அடிப்பார், அதே எனாமல். வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார். ஒரு துளை, ஒரு இடுக்கு விடாமல் பூசினார். வடிகால் துளைகள் அப்படித்தான் அடைபட்டன.

இந்த வேலைக்கு என்னை இழுத்துவிட்ட சார், விமானப்படையில் வாரன்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடற்கூட்டைப் பராமரிக்கிறவர், தாம்பரத்தில் பயிற்சி. பேத்தியின் அட்மிஷனுக்கு வந்தவர் ஆபீஸுக்குள் போகாமல் அரை மணி நேரம் விமானத்தடியிலேயே நின்றார். போய் விசாரித்தேன். நேட் ஸ்குவாட்ரனில் வேலை பார்த்திருக்கிறாராம். “இதே விமானத்துலயாங்க சார்?” என்று கேட்டேன். “நம்பரப் பாத்தாத்தான் சொல்ல முடியும். நம்பர் மேல பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கீங்களே” என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. பத்து வருடம் அதைத் தாண்டித்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கிறேன்.

நேட் சின்ன விமானம். நீளம் ஒன்பது மீட்டருக்குள், இறக்கையின் இரு முனைகளுக்கு இடையே ஏழு மீட்டருக்குள். போர் விமானங்கள் கனத்துக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போகின்றன, சிறியதாக, மலிவாக ஒன்று செய்யலாம் என்று வாதாடிய டபிள்யூ.இ.டபிள்யூ. பெட்டர் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. 1955 ஜூலையில் முதலில் பறந்தது. பிரிட்டன் இதன் பயிற்சி வகையை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, ஒற்றை இருக்கைப் போர் விமானத்தைத் தன் படையில் சேர்க்கவில்லை. இந்தியா வாங்கியது. பிறகு பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் உரிமம் பெற்றுக் கட்டியது. சக்கரத்தின் கதவுகளே காற்றுத் தடுப்பாகவும் வேலை செய்யும். பாதி இறக்கினால் வேகம் குறையும். அதற்கென்று தனியாக ஒரு பாகம் கிடையாது. இதைச் சார் அந்தக் கதவை அசைத்துக் காட்டி விளக்கியபோது, எத்தனையோ பேருக்குத் தகடு வேலை சொல்லிக்கொடுத்த நான் வாய் பிளந்து நின்றேன்.

1971 நவம்பர் 22 அன்று, போர் முறைப்படி அறிவிக்கப்படுவதற்கு முன்பே, வங்காளத்தின் பொய்ரா பகுதியின் மேல் நான்கு நேட்கள் பாகிஸ்தானின் சேபர் ஜெட்களை மறித்தன. சுடப்பட்டு, பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட சேபர் விமானிகள் இருவரில் ஒருவர் பிற்காலத்தில் பாகிஸ்தான் விமானப்படையின் தளபதியானார். அதே வருடம் டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே நிர்மல் ஜித் சிங் செகோன் ஒரு நேட்டில் கிளம்பினார். ஆறு சேபர்களை எதிர்த்து நின்று உயிர்விட்டார். போர்க்கால வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவை விமானப்படையில் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். இதெல்லாம் எங்கள் விமானத்தின் முன்னால் இருந்த பலகையில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ‘போரில் பங்கேற்ற விமானம்’ என்றும் ஒரு வரி. பிறகு பெரிய தகராறாக வந்து நின்றது அந்த வரிதான்.

சனிக்கிழமைகளில் மட்டும் வேலை செய்துகொள்ளலாம் என்று அனுமதி வந்தது. முதல் மூன்று சனிக்கிழமை சார் எங்களை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட விடவில்லை. பார்ப்பது, போட்டோ எடுப்பது, எழுதுவது. இரண்டு குயர் லெட்ஜர் ஒன்று வாங்கிவரச் சொல்லி, அட்டையில் ‘எஃப்-700’ என்று எழுதினார். விமானப்படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் அந்தப் பெயரில் ஒரு பதிவேடு உண்டு. அதில் கையெழுத்து விழாமல் விமானம் கிளம்பாது. எங்களுடையது எங்கேயும் கிளம்பப் போவதில்லை. ஆனாலும் தேதி, கண்ட குறை, செய்த வேலை, செய்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து என்று கட்டம் போட்டார். முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பது இது: காற்று நுழையும் வாய், இடது பக்கம், மைனாக் கூடு, நான்கு முட்டை ஓடு, ஒரு பாம்புச் சட்டை.

பிறகு பயப்பட வேண்டிய விஷயங்கள். விமானியை வெளியே தூக்கி எறிகிற இருக்கை. அதன் வெடிமருந்து எப்போதோ எடுக்கப்பட்டிருக்கும் என்று எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கையைச் சார் ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய படை நண்பர் ஒருவரை அழைத்து வந்து, ஒவ்வொரு குழாயையும் திறந்து, காலி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மாணவர்களைக் காக்பிட் பக்கம் விட்டார். அடுத்தது டயல்கள். இருட்டில் தெரிவதற்காக அந்தக் காலத்தில் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த பெயின்ட் பூசுவார்கள். இப்போது ஒளிராததால் ஆபத்து போய்விட்டதென்று நினைத்திருந்தேன். ஒளிர வைக்கிற ரசாயனம்தான் செத்துப்போயிருக்கிறது. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் வேண்டும். கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியை இயற்பியல் துறையிலிருந்து கொண்டுவந்து பிடித்தோம். இரண்டு டயல்களின் முன்னால் அது படபடவென்று அடித்தது. கண்ணாடி உடையாத அந்த இரண்டையும் திறக்காமல், மூடி, எச்சரிக்கை எழுதி, விதிப்படி ஒப்படைக்க ஏற்பாடு செய்தோம். பழைய விமானத்தில் கை வைக்கப் போகிற எவரும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஆர்வத்தில் ஒரு டயலைப் பிரித்து ஊதிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

அரிப்பைப் பற்றி நான் படித்ததும் பார்த்ததும் வேறு வேறாக இருந்தன. அலுமினியம் துருப்பிடிக்காது என்று ஊரில் சொல்வார்கள். சுத்த அலுமினியத்துக்கு அது ஓரளவு சரி. விமானத் தகட்டில் வலுவுக்காகச் செம்பு கலந்திருக்கும். தண்ணீர் உட்கார்ந்தால் அந்தக் கலவை உள்ளுக்குள் அடுக்கடுக்காகப் பிரியும். பரோட்டாவை இரண்டு கையாலும் தட்டினால் மடிப்பு மடிப்பாக விடுமே, அப்படி. பெயின்டின் மேல் சின்னக் கொப்புளம்தான் தெரியும். நகத்தால் அழுத்தினால் உள்ளே திருநீறு மாதிரி வெள்ளைத் தூள். வால் பகுதியின் அடியில் ஒரு முழ நீளத்துக்கு அப்படி இருந்தது. காணாமல் போன ஸ்க்ரூக்களுக்குப் பதிலாக யாரோ ஹார்டுவேர் கடை இரும்பு ஸ்க்ரூக்களை முறுக்கியிருந்தார்கள். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் காலணா அளவுக்கு வெள்ளையாகப் பொங்கியிருந்தது.

மொத்தம் பதினேழு துளைகளைத் திறந்தோம். முழுத் துருவையும் சுரண்டி எடுத்துப் புதுசாக்க வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. சார் விடவில்லை. அரித்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து, காய வைத்து, அரிப்பு மேலே பரவாமல் நிறுத்தினோம். தாங்கவே தாங்காது என்ற நான்கு இடங்களில் மட்டும் தகடு மாற்றினோம். வெளியே நான் ரிவெட் கன் பிடிக்க, உள்ளே ஒல்லியான ஒரு மாணவி டாலி என்கிற இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடித்தாள். மாற்றிய ஒவ்வொரு தகட்டின் உள்பக்கத்திலும் தேதியை அடித்தோம். எது அன்றையது, எது இன்றையது என்று பின்னால் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டுமாம். கழற்றிய பழைய தகடுகளை எடைக்குப் போடவில்லை. சீட்டுக் கட்டி ஸ்டோரில் வைத்திருக்கிறோம்.

வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவோம். பலகையில் ஒவ்வொன்றின் உருவத்தையும் வரைந்திருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை ஒரு குட்டை ஸ்க்ரூடிரைவரின் இடம் காலி. மாணவர்களுக்குப் பஸ் நேரம். “பறக்காத விமானம்தானுங்களே சார், அடுத்த வாரம் தேடிக்கலாம்” என்றான் ஒருவன். சார் பதில் சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். எழுபதைத் தாண்டியவர். அவர் குனிந்த பிறகு யார் பஸ்ஸுக்குப் போவார்கள்? எட்டு மணிக்குச் சக்கர அறைக்குள், கட்டுப்பாட்டுக் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவில் கிடைத்தது. “பறக்குற விமானத்துல இது இங்க இருந்திருந்தா, ஸ்டிக்க இழுக்கறப்ப வராது” என்று மட்டும் சொன்னார். லெட்ஜரில் எழுதினோம். அன்று நான்தான் மாணவர்களை இரண்டு நடையாகப் பைக்கில் கொண்டுபோய் விட்டேன்.

பெயின்டுக்கு வந்தபோதுதான் எண் கிடைத்தது. அடியில் பச்சை கலந்த மஞ்சளில் குரோமேட் பிரைமர் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. அதனால் மாஸ்க் போட்டு, தண்ணீர் விட்டுத்தான் தேய்ப்போம். எனாமல் மட்டும் ஆறேழு அடுக்கு. இறக்கை மேல் ஒரு சாண் இடத்தில் முதலில் ‘நோ ஸ்டெப்’ என்ற சின்ன எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. எங்கள் பெயின்டர் வட்டச் சின்னத்தில் காவியை நடுவில் போட்டிருந்தார். அடியில் பச்சை நடுவில் இருந்தது, அதுதான் சரி. பின்பக்கத்தில் மூன்று வாரம் தேய்த்த பிறகு ‘ஐஇ’ என்று தொடங்கி, எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி எண் மூன்றா எட்டா என்று டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். சார் தன் பழைய டைரியை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். அவர் கை வைத்த விமானங்களில் அந்த எண் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவருக்கு இல்லை. “சரி, யாரோ ஒரு ஃபிட்டரோடது” என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க உட்கார்ந்தார்.

விஷயம் மேலே போனதும் நிர்வாகத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. செகோன் ஓட்டிய விமானத்தின் எண்ணை எழுதி, அதேபோல் பெயின்ட் அடித்து, பெரிய விழா வைக்கலாம் என்றார்கள். பணமும் தருவதாகச் சொன்னார்கள். சார் மீட்டிங்கில் எழுந்து நின்று பேசினார். “செகோன் சாரோட விமானம் அவரோடவே காஷ்மீர்ல விழுந்துடுச்சுங்க. இது வேற விமானம். இதுக்குன்னு ஒரு நம்பர் இருக்குது.” போரில் பங்கேற்றது என்ற வரிக்கும் எங்களிடம் ஆதாரம் இல்லை, அதை எடுத்துவிட வேண்டும் என்று நானும் சொன்னேன். அந்த அறையில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. விழாப் பணம் வரவில்லை. நான்கு மாதம் சனிக்கிழமை அனுமதியும் நின்றது. நாங்கள் சொன்னது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். பொய் எண் எழுதிய விமானத்தைப் பேத்திக்குக் காட்ட மாட்டேன் என்றார் சார்.

அந்த நான்கு மாதமும் ஒர்க்‌ஷாப் திண்ணையில் டீ குடித்துக்கொண்டு அவர் சொன்னவற்றில் லிபரேட்டர் கதை எனக்கு நிறையத் தெம்பு கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அமெரிக்காவுடனான ஒப்பந்தப்படி, கான்பூரில் நின்றிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை யாருக்கும் பயன்படாதபடி சிதைத்துவிட்டுப் போனது பிரிட்டிஷ் படை. நாலு எஞ்சின் விமானங்கள், வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1948-இல் ஹிந்துஸ்தான் ஆட்கள் அதிலிருந்து இதற்கு, இதிலிருந்து அதற்கு என்று பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். ஓரளவு பறக்கும் நிலைக்கு வந்ததும் ஜிம்மி முன்ஷி என்ற விமானி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிப்போனார். சுமார் நாற்பது விமானங்கள். 1968 வரை விமானப்படையில் ஓடின. உலகம் முழுக்கப் பதினெட்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட லிபரேட்டர்களில் பெரும்பாலானவை அதற்குள் உருக்கப்பட்டுவிட்டன. அதனால் பிரிட்டனும் கனடாவும் அமெரிக்காவும் தங்கள் அருங்காட்சியகங்களுக்கு இந்தியாவிடம் வந்து வாங்கிக்கொண்டு போயின. ஒன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. போன வருடம் போய்ப் பார்த்தேன். முதலில் குனிந்து வயிற்றுப் பக்கம்தான் பார்த்தேன்.

அனுமதி திரும்ப வந்தது. பழைய மாணவர்கள் சிலர் பணம் போட்டு மேலே ஒரு ஷீட் கூரை அமைத்துக் கொடுத்தார்கள். செலவழித்ததில் விமானத்துக்கு உண்மையான நன்மை செய்தது அந்தக் கூரைதான். டயர்கள் எப்போதோ செத்துவிட்டதால் எடையை இரும்பு ஸ்டாண்டுகளுக்கு மாற்றியிருக்கிறோம். பலகையில் இப்போது எண்ணும், கட்டிய இடமும், எங்கள் கல்லூரிக்கு வந்த வருடமும் மட்டும் இருக்கின்றன. வலது பக்கம் ஒரு முழச் சதுரத்தைப் பெயின்ட் அடிக்காமல் விட்டிருக்கிறோம். எனாமல் அடுக்குகளும், அடியில் விமானப்படையின் பெயின்டும், அதற்கும் அடியில் பிரைமரும் படிப்படியாகத் தெரியும்.

காக்பிட் மூடிக்கு இன்னும் வழி தெரியவில்லை. வெயிலில் பெர்ஸ்பெக்ஸ் என்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கண்புரை விழுந்த மாதிரி வெளுத்து, உள்ளுக்குள் முடி முடியாகக் கீறல் விட்டிருக்கிறது. பாலிஷ் போட்டாலும் உள்ளே இருக்கிற கீறல் போகாது. மாற்றினால் பழையது போகும். இப்போதைக்குத் துணி உறை தைத்துப் போட்டிருக்கிறோம். சாருக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது, மாதம் ஒரு சனிக்கிழமைதான் வருகிறார். வந்ததும் லெட்ஜரை வாங்கி, விட்டுப்போன கையெழுத்துகளைத் தேடுவார். சாரல் அடிக்கிற நாட்களில் நான் வேலை முடிந்து கிளம்பும் முன் சாக்கை எடுத்துக்கொண்டு போய் அடியில் படுத்து, பதினேழையும் மூங்கில் குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து வருகிறேன்.