கொலுப் பொம்மைக்கு ஒரு வாடகை அறை

சிங்கப்பூரில் நாலறை வீடு என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு ஹாலும். வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், இப்போது கட்டித் தரும் நாலறை வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். நாங்கள் நான்கு பேர், சமாளித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அத்தை, அதாவது மாமியார், தன் மூவறை வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். அவரோடு முப்பது வருடச் சாமான்களும் வந்தன.

1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் இருக்கும். கான்கிரீட் சுவர், கனமான இரும்புக் கதவு. போர்க்காலத்துக்கென்று கட்டியது, எல்லார் வீட்டிலும் அதுதான் ஸ்டோர் ரூம். எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே கூரை வரை நிறைந்திருந்தது. வாசலில் வைக்கலாம் என்றால், நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். மீறினால் நகர மன்றத்திலிருந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்கள்.

பழைய மின்விசிறி, டிவி எல்லாம் காராங்குனி ஆளிடம், அதாவது பழைய சாமான் வாங்குபவரிடம், போயின. மிஞ்சியவை பித்தளை அண்டா, கொலுப் படி, பொம்மைகள். வருடத்தில் பத்து நாள் தேவைப்படும், மீதி நாளெல்லாம் இடத்தை அடைக்கும், தூக்கிப் போடவும் முடியாது. பெரும்பாலும் இந்த மாதிரிச் சாமான்தான் ஆட்களை செல்ஃப் ஸ்டோரேஜ், அதாவது சாமான் வைக்க வாடகைக்கு அறை தரும் கூடங்கள், பக்கம் தள்ளுகிறது என்பது என் எண்ணம். ஸ்டோரேஜில் எதிர்ப்பட்டவர்களும் புது வீட்டுச் சாவிக்குக் காத்திருப்பவர்கள், ரெனவேஷன் நடப்பவர்கள், இணையத்தில் துணி விற்பவர்கள் என்று சாதாரணக் குடும்பத்தார்தான்.

இங்கே இந்தக் கூடங்கள் பெரும்பாலும் உபி, காக்கி புக்கிட் மாதிரித் தொழிற்பேட்டைக் கட்டடங்களில் இருக்கின்றன. வாடகை சதுர அடிக் கணக்கு. மேலடுக்கு அறை மலிவு, ஆனால் ஏணி போட்டு ஏற வேண்டும். அத்தையின் பொம்மைகளில் பாதி காகிதக்கூழ். இந்த ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. அதனால் ஏசி உள்ள தளத்தில், கீழடுக்கில், 25 சதுர அடி எடுத்தோம்.

ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். விளம்பரத்தில் பார்க்கும் விலை முதல் சில மாதத்துக்கு மட்டும். அதன் மேல் ஜிஎஸ்டி 9%, ஒரு மாத முன்பணம், காப்பீடு. வாடகை பாக்கி விழுந்தால் முதலில் கதவைத் திறக்கும் குறியீட்டு எண் வேலை செய்யாது; தொடர்ந்து கட்டாவிட்டால் பொருளை விற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டென்று ஒரு வரி இருக்கும். காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

உணவுப்பொருள், கேஸ், பெயின்ட், தீப்பிடிக்கும் எதுவும் கூடாது. கொலுப் பெட்டியின் அடியில் கற்பூர டப்பா ஒன்று கிடந்தது. பட்டியலைப் பார்த்த பிறகு அதையும் நல்லெண்ணெய் பாட்டிலையும் எடுத்து வீட்டிலேயே வைத்தோம். “கற்பூரம் இல்லாமலா சாமி பெட்டி?” என்றார் அத்தை. சாமி பொறுத்துக்கொள்ளும், தீயணைப்பு விதி பொறுக்காது என்றேன்.

இந்தக் கெடுபிடி எனக்குப் பிடித்திருந்தது. 2016 ஜூனில் ஹாங்காங்கில் பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்றில், இதே மாதிரிச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த சேமிப்புக் கூடத்தில் பிடித்த தீயை அணைக்க 108 மணி நேரமானது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். இடம் பார்க்கப் போனால் தலைக்கு மேலே பாருங்கள். நாங்கள் எடுத்த இடத்தில் அறைகளுக்கு மேலே கம்பி வலை, அதற்கு மேலே தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர். கூரையை ஒட்டி அடுக்கக் கூடாது என்று அறிவிப்பும் இருந்தது.

அடுக்குவதுதான் பெரிய வேலை. அண்டா அடியில், கழற்றிய படிகள் பக்கச் சுவரில் சாய்த்து, புரட்டாசியில் முதலில் எடுக்க வேண்டிய மரப்பாச்சிப் பெட்டி கதவோரம். அண்டாவுக்குள்ளேயே சின்னப் பாத்திரங்களைத் துணி சுற்றி வைத்தால் நல்ல இடம் மிச்சம். நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் விடாவிட்டால், ஒரு பெட்டிக்காக எல்லாவற்றையும் வெளியே இழுக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லையென்றால் விளக்கு தானாக அணைந்துவிடும். குனிந்து அடுக்கும்போது அவ்வப்போது கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளுவண்டி அங்கேயே கிடைக்கும். பூட்டு மட்டும் நம்முடையது.

வாடகையைக் கேட்டதிலிருந்து அத்தை மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். பொம்மையைத் தவிர எதையும் கொடுக்கத் தயார் என்கிறார். நவராத்திரி முடிந்ததும் அண்டாவை யாராவது சொந்தக்காரரிடம் தள்ளிவிட்டு, இதைவிடச் சின்ன அறையாக மாற்றிக்கொள்ளப் போகிறோம்.