இடுப்பெலும்பு உடைந்து வந்தால் உதரவிதானத்தையும் தேடுங்கள்

இடுப்பெலும்பு நொறுங்கி ஒருவர் வந்தால் எல்லார் கவனமும் ரத்தப்போக்கின் மேல்தான் இருக்கும். அது சரியே. இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டையான பைண்டரை ட்ரொகான்டர் மட்டத்தில், அதாவது தொடையெலும்பின் மேல்முனைப் புடைப்பு இருக்கும் உயரத்தில் இறுக்குங்கள். பலர் இடுப்பின் மேல் விளிம்பில் கட்டிவிடுகிறார்கள், அங்கே பயனில்லை. ஆனால் இடுப்பு வளையத்தையே உடைத்த விசை வயிற்றுக்குள் அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றியிருக்கும். அது மேலே முட்டும் இடம், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானம். பெரும்பாலும் இடப்பக்கம், பின்புற ஓரமாகக் கிழியும். வலப்பக்கத்தைக் கல்லீரல் ஓரளவு காக்கிறது.

இவரை உட்காரவைத்து எக்ஸ்-ரே எடுக்க முடியாது. படுத்த படத்தில் இடது உதரவிதானம் ஏறித் தெரிந்தால், 'ரத்தம் தேங்கியிருக்கு' என்று கடந்துவிடுவது எளிது. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் போட்டு மறுபடி படம் எடுங்கள். குழாயின் நுனி இடது மார்புக்குள் சுருண்டு கிடந்தால் இரைப்பை மேலே போயிருக்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதியில் முறிவு சந்தேகம் இருந்தால் வாய் வழியாகப் போடுங்கள். போக மறுத்தால் தள்ளாதீர்கள்.

மார்புக்குள் தேங்கிய காற்றையோ ரத்தத்தையோ வடிக்கும் குழாயான ஐ.சி.டி. போடும்போதுதான் பெரிய ஆபத்து. குழாயைக் குத்தி ஏற்றும் கூர்முனைக் கம்பியான ட்ரோகார் வேண்டவே வேண்டாம். ஐந்தாவது விலா இடைவெளியில், நடு அக்குள் கோட்டுக்குச் சற்று முன்னால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையான ப்ளூராவைத் திறந்ததும் விரலை விட்டு ஒரு சுற்று தடவுங்கள். நுரையீரல் பஞ்சு போல அமுங்கும். வழவழவென்று குடலோ, கொழகொழவென்று கொழுப்போ தட்டுப்பட்டால் குழாயை உள்ளே தள்ளக்கூடாது.

சி.டி.யில் குறுக்குவெட்டை மட்டும் பார்த்தால் போதாது. முன்பின், பக்கவாட்டு வெட்டுகளையும் கேளுங்கள். கிழிசல் இருந்தால் இரைப்பை இடுக்கில் மாட்டியதுபோல் நடுவில் ஒடுங்கியிருக்கும், அல்லது முதுகுப்பக்க விலாக்களின் மேலேயே சாய்ந்து கிடக்கும். சி.டி. சுத்தமாக இருந்தாலும் கிழிசல் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது.

கிழிசலைத் தைப்பதற்கு, வயிற்றைத் திறந்து செய்யும் லேப்ரோடமிதான் நல்ல வழி. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் ஏற்றும் வாயு கிழிசல் வழியே மார்புக்குள் ஏறி நுரையீரலை நசுக்கக்கூடும். உறுப்புகளை மெதுவாகக் கீழே இறக்கி, ப்ளூராவைக் கழுவி, கரையாத 0 அல்லது 1 அளவு நூலால் தையுங்கள். ரத்தத்தை நிறுத்த இடுப்புக்குள் துணி வைத்து அடைக்கும் பேக்கிங்கும் தேவைப்பட்டால் அதற்குத் தனி வெட்டு போடுங்கள். இரண்டு வெட்டும் சேர்ந்துவிட்டால், ரத்தத்தை அடைத்து நிறுத்தும் அழுத்தம் வயிற்றுக்குள் கசிந்து போய்விடும்.

இடுப்புக்கு மட்டும் ஆபரேஷன் ஆகி வென்டிலேட்டரில் இருப்பவரிடம் இன்னும் கவனம் வேண்டும். இயந்திரம் ஊதும் காற்று உறுப்புகளைக் கீழேயே அழுத்தி வைத்திருக்கும். மூச்சுக்குழாயில் வைத்த ட்யூபை எடுத்து அவர் தானாக மூச்சு இழுக்கத் தொடங்கியதும், கவனிக்கப்படாத கிழிசல் இருந்தால் குடல் மேலே ஏறக்கூடும். எடுத்த அன்றே இன்னொரு மார்புப் படம் எடுத்துப் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.