ஓரியூர் சாமிக்குக் கடன் தீர்த்தாச்சு

பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தபோது அம்மா எனக்காக நேர்ந்துகொண்ட மொட்டை இது. நான் எழுந்து நடந்தே நாலு வருஷமாச்சு. லீவு இல்லை, அது இதுவென்று தள்ளிக்கொண்டே வந்தேன். "சாமிகிட்ட கடன் வைக்காதடா" என்று போனில் தினமும் அதே பாட்டு.

சரி என்று இந்த முறை பிப்ரவரி 4-க்கே ஓரியூருக்குக் கிளம்பிவிட்டோம். 1693-ல் சாமியை, அதாவது ஜான் டி பிரிட்டோ என்ற கிறிஸ்தவக் குருவானவரை, அங்கே வெட்டிய நாள். அந்த வருஷம் அன்று தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனும்கூட. திருவாடானையிலேயே பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இறங்கினால் மெழுகுதிரிக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், வேண்டாம் என்றால் முறைப்பு வேறு. மொட்டைக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன், காதோரம் ஒரு கீறலும் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அந்தச் செம்மண்ணில் கால் பட்டதும் எதுவும் நினைவில் இல்லை. லிஸ்பனில் பிறந்து அரண்மனையில் வளர்ந்தவர், இங்கே வந்து காவி கட்டி, கறி மீனை விட்டு, அருளானந்தர் என்று பேர் வைத்துக்கொண்டு, 46 வயது முடியுமுன் இந்த மண்ணில் ரத்தம் சிந்தியிருக்கிறார். பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெரியவர் மண்ணை அள்ளி முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா இடுப்பிலிருந்து ஒரு தைல டப்பாவை எடுத்தாள். நான் படுத்திருந்தபோது யாரோ கொண்டுவந்து கொடுத்த ஓரியூர் மண். ராத்திரி மாவுக்கட்டின் மேல் ஒரு சிட்டிகை தடவுவாள், டாக்டர் திட்டுவார் என்று விடியுமுன் துடைத்தும் விடுவாள். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் தட்டித் தட்டிக் கீழே கொட்டினாள். "வாங்கினதைக் கொடுத்தாச்சு சாமி" என்றாள். அவ்வளவுதான், அப்புறம் வாய் திறக்கவில்லை, உதடு மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. எனக்குக் குனிந்து என் காலைப் பார்க்கத்தான் முடிந்தது. நன்றி சாமி, நன்றி, நாலு வருஷம் காக்க வைத்ததற்கு மன்னிச்சுக்கோங்க, வேறென்ன சொல்ல.

எழுந்து பார்த்தால் அதே டப்பாவை மறுபடி மண்ணால் நிறைத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருஷமாகக் காத்திருக்கிற தங்கச்சிக்காம்.

"பிள்ளை பிறந்தா இங்கேதான் மொட்டை, உன் மடியிலதான் உட்கார வைக்கணும், அப்பவும் லீவு இல்லைன்னு சொல்லாதே."