ஒன்பது மாதக் கணக்கு

பக்கவாதத்துக்குப் பிறகு என் வலது கை பழையபடி வரவில்லை. வேலையை விட்டேன். அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் துறையான சோஷியல் செக்யூரிட்டி, உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு மாதாமாதம் தரும் எஸ்.எஸ்.டி.ஐ. பணத்தில்தான் குடும்பம் ஓடியது. மூன்று வருடம் கழித்துப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதும் வேலை ஒன்று வந்தது. வாரம் 15 மணி நேரம், மணிக்கு 22 டாலர். ஆசையாக இருந்தது, பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ‘ஒரு டாலர் சம்பாதித்தாலும் நிறுத்திவிடுவார்கள்’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தப் பணத்தை வாங்கியவர் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

கடைசியில், இந்தப் பணம் வாங்குபவர்கள் வேலைக்குத் திரும்ப உதவும் ‘டிக்கெட் டு வொர்க்’ திட்டத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அங்கிருந்து இலவச ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா சொன்ன முதல் விஷயமே என் பாதி பயத்தைப் போக்கிவிட்டது. வேலையைச் சோதித்துப் பார்க்க ஒன்பது மாதம் உண்டு. அந்த மாதங்களில் எவ்வளவு சம்பாதித்தாலும் முழுப்பணமும் வரும். ஒன்பதும் தொடர்ந்து வர வேண்டியதில்லை, 60 மாதத்துக்குள் விட்டுவிட்டும் வரலாம். 2024-இல் மாதம் 1,110 டாலரைத் தாண்டினால் அது ஒரு சோதனை மாதம். 2025-இல் அந்த வரம்பு 1,160.

2024 மார்ச் நடுவில் சேர்ந்தேன், அந்த மாதம் வரம்பைத் தொடவில்லை. ஏப்ரலிலிருந்து மாதம் சுமார் 1,430. ஆகஸ்டில் உடம்பு படுத்தியதால் பாதி நாள் போகவில்லை. ஆனால் என் நோட்டில் ஆகஸ்டையும் சேர்த்திருந்தேன், ஏனென்றால் வங்கியில் நிறையப் பணம் வந்திருந்தது. ஆலோசகர் சிரித்துவிட்டார். ஜூலை கடைசியில் செய்த வேலைக்கான சம்பளம் ஆகஸ்டில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பணம் கைக்கு வந்த மாதத்தை விட்டுவிட்டு, வேலை செய்த மாதத்தைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையை. கணக்கு எழுதுவதே தொழில், அதில் போய் இப்படித் தப்பு! அதன்பின் சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் சோஷியல் செக்யூரிட்டி இணையக் கணக்கில் ஏற்றி, ஏற்றியதற்கான ரசீதையும் பத்திரப்படுத்தினேன்.

ஒன்பதாவது மாதம் 2025 ஜனவரியில் முடிந்தது. அப்புறம் வேறு வரம்பு, 2025-இல் 1,620 டாலர்; அதைத் தாண்டினால் உதவிப்பணம் நிற்கும். என் 1,430 அதற்குக் கீழே இருந்ததால் பணம் தொடர்ந்தது.

ஜூனில் முதலாளி, 25 மணி நேரம் வர முடியுமா என்று கேட்டார். என்னால் கார் ஓட்ட முடியாது. வேலைக்குப் போகும் டாக்சிக்கும் மாத்திரைக்கும் என் கையிலிருந்து போகும் 300 டாலரை மாதச் சம்பளத்தில் கழித்துக் காட்டலாம் (சோதனை மாதங்களில் இந்தக் கழிவு செல்லாது). கழித்த பிறகும் சுமார் 2,080 டாலர் மிஞ்சியது. சரி, உதவிப்பணம் நிற்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

இருந்தும் ஒப்புக்கொண்டேன். வரம்பைத் தாண்டிய ஜூனுக்கும் அடுத்த இரண்டு மாதத்துக்கும் பணம் உண்டு. 2028 ஜனவரிக்குள் உடல்நிலையால் சம்பளம் வரம்புக்குக் கீழே போனால், புது விண்ணப்பம் இல்லாமலே மறுபடி தருவார்கள். அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், சோதனை மாதங்கள் முடிந்தபின் குறைந்தது 93 மாதம் நீடிக்கும். எனக்கு அதுதான் பெரிய தைரியம். உதவிப்பணத்தில் பிடித்துக்கொண்டிருந்த பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) கட்டணத்துக்கு மட்டும் இனி தனியாக பில் வரும், 2025-க்கு மாதம் 185 டாலர்.

ஆகஸ்டுக்கான பணம் செப்டம்பரில் வந்தது, அதுதான் கடைசி. அக்டோபரில் பழக்க தோஷத்தில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. தப்பித்தவறி வந்திருந்தால் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்வரை, அதைத் தொடாமல் காத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.