அண்ணனின் சான்றிதழ்

அண்ணன் போய் ஒரு வருடமாகிறது. பிள்ளைகளும் கிடையாது. இனி இதை எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை.

அவன் சாதிச் சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்'. என்னுடையதில் 'கிறித்தவ ஆதிதிராவிடர்', பிற்படுத்தப்பட்ட வகுப்பு. இத்தனைக்கும் ஒரே அப்பா, அம்மா. அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அப்பா, வாத்தியார் மதம் கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, தாத்தாவின் பழைய பெயரையே பையனுக்குச் சொல்லி எழுத வைத்தாராம். வீட்டில் அவன் அந்தோணி. ஆறு வருடம் கழித்து என்னைச் சேர்க்கப் போனது அம்மா. அம்மாவுக்குப் பொய் வராது.

அவனுக்கு அரசு வேலை கிடைத்தது. நான் சமூகவியல் படித்து, முப்பது வருடம் அதையே நடத்தினேன். ஒவ்வொரு டிசம்பர் 10 அன்றும் மனித உரிமைச் சொற்பொழிவுக்குக் கூப்பிடுவார்கள். பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணையைச் சொல்வேன்: இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். இதில் இட ஒதுக்கீடு மட்டும் போகவில்லை. பட்டியல் சாதியினரைக் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து போகிறது. இதைச் சொன்னதும் பின்வரிசை மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சூசை வழக்கையும் சொல்வேன். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர், கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை அவருக்கு இல்லை என்றார்கள். மதம் மாறிய பிறகும் பழைய கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 1985இல்.

காட்டுவதற்கு எங்கள் ஊர்க் கல்லறையில் ஒரு சுவர் இருக்கிறது. இடுப்பளவு உயரம், பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும். அந்தப் பக்கம் சலவைக்கல் சிலுவைகள், இந்தப் பக்கம் நாங்கள். அம்மாவை அடக்கம் செய்த அன்று மழை. சாமியார் மந்திரித்து முடிக்கும்வரை யாரோ அந்தச் சுவர்மேல் குடையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் குடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பற்றி அன்றைக்கு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொற்பொழிவில் மட்டும் குரல் நன்றாக உயரும் எனக்கு.

அப்புறம் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தோம். அலுவலகத்தில் இருந்தவர் எங்கள் இரண்டு பேர் காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்களா? பேரும் மதமும் ஒட்டலையே."

"ஆமா சார், சொந்தத் தங்கச்சி."

"கிறிஸ்டியன்னா ஞானஸ்நான சர்டிபிகேட் இருக்குமே, அதுல அப்பா அம்மா பேர் போட்டிருக்கும். ரெண்டு பேருக்கும் வாங்கிட்டு வாங்க, முடிச்சிடலாம்."

அவர் உதவத்தான் சொன்னார். அண்ணனுக்கு ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. காகிதங்களை மஞ்சள் பையில் திரும்பப் போட்டு, என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான்.

"வேற ஏதாவது வழி பாப்போம் பாப்பா" என்றான்.