பாதியில் வந்து சேருகிறவர்களுக்கு

பிசினஸ் ஸ்கூலுக்கு நடுவில் மாறி வருகிறவர்களுக்குப் பாடத்தைவிட குரூப் ப்ராஜெக்ட்தான் முதல் தலைவலி. மற்றவர்கள் முதல் வருடத்திலேயே கூட்டணி போட்டு முடித்திருப்பார்கள். முதல் செமஸ்டரில் மதிப்பெண் இறங்குவதும் புதிதல்ல. 1965-லேயே ஜான் ஹில்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். பலருக்கு மதிப்பெண் பிறகு ஏறிவிடும்.

மாறி வந்து ஒரு வருடம் ஓட்டிய சீனியர் கிடைத்தால் பாதிக் கவலை போச்சு. பழைய கல்லூரியில் முடித்த பாடங்களுக்கான எந்த கிரெடிட் இங்கே கணக்கில் சேரவில்லை என்று முதல் வாரமே பார், பழைய பாடத்திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே, இன்டர்ன்ஷிப் விண்ணப்பம் நீ நினைப்பதைவிட சீக்கிரம் தொடங்கிவிடும் என்றெல்லாம் அவர்தான் சொல்வார். அறிமுக வகுப்பில் இதில் பாதிகூட வராது.

அப்புறம், வகுப்பில் புதுமுகம் தெரிந்தால், "எங்க குரூப்ல ஒரு இடம் இருக்கு, வர்றீங்களா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அவர்களாக வந்து கேட்கக் கூச்சப்படுவார்கள்.